டானா ஜாடோப்கோவா: "எமிலின் மனைவி" என்ற ஒரு வரியோடு முடித்துவிடலாமா?

தடகளப்பித்தன்

1952 ஹெல்சின்கி ஒலிம்பிக் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் எமில் ஜாடோபெக்கில் தொடங்கி அவரிலேயே முடிகிறது. 5000, 10000, மாரத்தான் என்று ஒரே ஒலிம்பிக்கில் மூன்று தங்கம். அதை யாரும் குறைத்துச் சொல்லப்போவதில்லை. நடுவில் ஒரு வரி வரும்: "அவர் மனைவி டானாவும் அதே நாளில் ஈட்டி எறிதலில் தங்கம் வென்றார்." அடுத்த வரியில் மறுபடியும் மாரத்தான்.

எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. டானா பிறந்தது 1922 செப்டம்பர் 19, செக்கோஸ்லோவாக்கியாவின் ஃப்ரிஷ்டாட்டில். எமிலும் அதே தேதி, அதே வருடம். முதலில் ஹேண்ட்பால் ஆடியவர், பிறகுதான் ஈட்டிக்கு வந்தார். 1948 லண்டனில் 39.64 மீட்டர் எறிந்து ஏழாவது இடம். 1952-இல் 50.47 மீட்டரோடு தங்கம். 1954-இல் ஐரோப்பிய சாம்பியன். 1956 மெல்போர்னில் நான்காவது. 1958-இல் மீண்டும் ஐரோப்பிய சாம்பியன், அதே வருடம் உலக சாதனை. 1960 ரோமில் வெள்ளி. நான்கு ஒலிம்பிக், பன்னிரண்டு வருடம்.

நான் சொல்வது இதுதான்: இவருடைய உண்மையான கதை ஹெல்சின்கிக்குப் பிறகு வருகிறது. அந்த ஒரு பிற்பகலின் ஜோடிக் கதை அழகாக இருப்பதால் மற்ற எட்டு வருடத்தையும் அது விழுங்கிவிட்டது. நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கரிசல்

நல்ல இழை. ஆனால் நான் எதிர்க்கட்சி.

எமில் பெயர் இல்லாவிட்டால் நாம் இவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போமா? 1948-இல் தங்கம் வென்ற ஆஸ்திரியாவின் ஹெர்மா பௌமாவை (45.57) இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? 1956-இல் வென்ற லாட்வியாக்காரி இனேஸே யௌன்செமேயை? அவர்களும் ஒலிம்பிக் சாம்பியன்கள்தான். டானாவுக்காவது ஒரு வரி கிடைத்தது.

இன்னொன்று. 1952-இல் உலக சாதனை சோவியத் யூனியனின் நடால்யா ஸ்மிர்னிட்ஸ்காயாவிடம் இருந்தது. 1949-இல் 53.41. 1950 ஐரோப்பிய சாம்பியனும் அவர்தான். அவர் ஹெல்சின்கியில் எறியவே இல்லை. முதல் ஆள் இல்லாத களத்தில் வந்த தங்கம் என்றும் சொல்லலாம் இல்லையா?

தடகளப்பித்தன்

@கரிசல் அண்ணே, ஸ்மிர்னிட்ஸ்காயா இல்லை, சரி. மற்றவர்கள் யார் என்று பாருங்கள். சோவியத் அணி ஒலிம்பிக்குக்கு வந்ததே அதுதான் முதல் தடவை. வெள்ளி வென்ற அலெக்சாந்திரா சூதினா அதே ஒலிம்பிக்கில் நீளம் தாண்டுதலில் வெள்ளி, உயரம் தாண்டுதலில் வெண்கலம். வாலிபாலிலும் உலக சாம்பியன். வெண்கலம் யெலேனா கொர்சகோவா. நான்காவது கலினா ஸீபினா, அவர் அங்கே குண்டு எறிதலில் தங்கம் வென்றவர். இந்த மூவரையும் தாண்டித்தான் டானா வர வேண்டியிருந்தது. தூரத்தையும் பாருங்கள்: 50.47, 50.01, 49.76. முதல் மூன்று பேரும் முக்கால் மீட்டருக்குள் நிற்கிறார்கள். இதைக் காலிக் களம் என்று எப்படிச் சொல்வது?

பழைய பி.டி. மாஸ்டர்

தம்பி சொன்னதில் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. அந்த 50.47 அவருடைய முதல் எறி. ஒலிம்பிக் சாதனையும் கூட. மீதி ஐந்து சுற்றும் மற்றவர்கள்தான் அந்தக் கோட்டைத் துரத்தினார்கள்.

ஈட்டி எறிந்து பழகினவர்களுக்கு இதன் அருமை தெரியும். முதல் எறியை எல்லாரும் பத்திரமாகத்தான் எறிவார்கள். ஃபவுல் ஆகாமல், ஈட்டியின் முனை முதலில் தரையைத் தொட்டு, ஒரு கணக்கு விழுந்தால் போதும் என்று. பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக ரன்-அப் வேகத்தைக் கூட்டுவார்கள். முதலிலேயே முழு வேகத்தில் வந்து அது சரியாகவும் விழுந்துவிட்டால் மற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். பெரிய தூரத்துக்கு ஆசைப்பட்டுக் கையால் இழுப்பார்கள். அத்தோடு போயிற்று.

இதைக் கையால் எறிவது என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். வலக்கைக்காரர் என்றால் கடைசியில் இடதுகாலை முன்னால் ஊன்றி உடம்பை நிறுத்த வேண்டும். ஓடிவந்த வேகம் அந்தக் காலில் முட்டி, இடுப்பு வழியாக ஏறி, தோளுக்கு வந்து, கடைசியாகத்தான் கைக்குப் போகும். இப்போது சிந்தெடிக் டிராக்கில் அந்தக் கால் கச்சிதமாக நிற்கும். அந்தக் காலத்து சின்டர் டிராக்கில், அதாவது கரித்தூள் பரப்பிய ஓடுபாதையில், நிற்காது. முன்னால் எறிந்தவர் ஊன்றிய இடத்தில் குழி விழுந்திருக்கும். அதே குழியில் நாம் கால் வைத்தால் வழுக்கும், தள்ளி வைத்தால் அளந்து வைத்த ரன்-அப் கெட்டுப்போகும். நானே அந்த மாதிரித் தரையில்தான் எறிந்து பழகினேன். மழை பெய்த மறுநாள் என்றால் கேட்கவே வேண்டாம்.

சும்மா படிக்கிறவன்

50 மீட்டர் இப்போது ஒன்றுமே இல்லையே சார்? அன்னு ராணி 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் 62.92 எறிந்துதானே தங்கம் வென்றார்?

பழைய பி.டி. மாஸ்டர்

ஈட்டி அதே 600 கிராம்தான் தம்பி. ஆனால் தரை வேறு, ஈட்டி செய்யும் விதம் வேறு, எடைப் பயிற்சி வேறு. அந்தக் காலத்துப் பெண்களில் பலர் முறையாக எடை தூக்கிப் பழகியதே இல்லை. இன்றைய தூரத்தை வைத்து அன்றைய ஆளை அளக்கக் கூடாது. அவர்கள் காலத்தில் யாரை வென்றார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

மீனாட்சி_டி

நானும் காலேஜில் ஈட்டி எறிந்தவள். யுனிவர்சிட்டி மீட் வரைக்கும் போனேன்.

பதக்கக் கதை எல்லாருக்கும் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். ஜூலை 24 அன்று எமில் 5000 மீட்டர் ஓடி முடித்ததும் டானாவின் போட்டி. அவர் எமிலின் தங்கப் பதக்கத்தை வாங்கி, அதிர்ஷ்டத்துக்கு இருக்கட்டும் என்று தன் பையில் போட்டுக்கொண்டு களத்துக்குப் போனார். வென்றதும் மைதானத்திலேயே குட்டிக்கரணம் போட்டார். பிறகு பத்திரிகையாளர்கள் முன்னால் எமில், "என் வெற்றிதான் இவளுக்கு ஊக்கம்" என்ற தோரணையில் விளையாட்டாகப் பேச, டானா விட்டாரா? "அப்படியா, போய் வேறு ஒரு பெண்ணுக்கு ஊக்கம் கொடுத்து ஐம்பது மீட்டர் எறிய வையுங்கள் பார்ப்போம்" என்று திருப்பிக் கொடுத்தார்.

"யார் மனைவி" என்ற வாதத்துக்கு அவரே 1952-இலேயே பதில் சொல்லிவிட்டார். நாம்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எனக்குப் பிடித்தது வேறு. அவர்கள் கல்யாணம் 1948 அக்டோபர் 24, லண்டன் ஒலிம்பிக் முடிந்த கையோடு. ஒரே நாளில் பிறந்திருக்கிறோம், ஒரே நாளில் கல்யாணத்தையும் வைத்துக்கொண்டால் என்ன என்று எமில் கேட்டாராம். அந்தக் கல்யாணத்துக்கு முன்னால் டானா ஏழாவது இடம். ஒலிம்பிக் தங்கம், இரண்டு ஐரோப்பியப் பட்டம், உலக சாதனை, வெள்ளி எல்லாம் அதற்குப் பிறகு. என் கழுத்தில் தாலி ஏறிய மறுவாரமே எங்கள் ஊர் மைதானத்தில் ஒருத்தர், "இன்னுமா இதைத் தூக்கிட்டு வர்றே?" என்று கேட்டார். அவரிடம் அப்போது சொல்ல எனக்கு டானாவைத் தெரியாமல் போயிற்று.

யாழ்வாசி

மீனாட்சி அக்கா சொன்ன அந்த நாளுக்குப் பின்னால் இன்னொரு கதை கிடக்கு. எமில் ஹெல்சின்கிக்கு வராமலே போயிருக்கக்கூடும். ஸ்டானிஸ்லாவ் யுங்விர்ட் என்ற ஓட்டக்காரரின் தகப்பன் அரசியல் கைதி என்பதால் மகனை அணியில் அனுப்ப மறுத்தார்கள். "அவர் போகாவிட்டால் நானும் இல்லை" என்று எமில் நின்றுவிட்டார். அணியின் விமானம் கிளம்பியபோது டானா ஏறிப் போனார், எமில் பிராகிலேயே. கடைசியில் அதிகாரிகள் இறங்கிவந்து இரண்டு பேரையும் அனுப்பினார்கள்.

இதை எப்பவும் எமிலின் துணிச்சல் என்றுதான் கதைப்பார்கள். சரிதான். ஆனால் புருஷன் சிறைக்குப் போவாரோ, வருவாரோ என்று தெரியாமல் விமானத்தில் இருந்தவர் டானா. சில நாளில் அவருக்கும் ஒலிம்பிக் போட்டி. அந்த மனநிலையில் போனவர் முதல் எறியிலேயே 50.47.

கரிசல்

சரி, ஹெல்சின்கியை விட்டுவிடுகிறேன். பித்தன் தம்பி, உங்கள் வாதமே ஹெல்சின்கிக்குப் பிறகுதான் கதை என்பது. அதைப் பார்ப்போம்.

1956 மெல்போர்ன்: நடப்பு சாம்பியன், வந்தது நான்காவதாக. 49.83. 1958 உலக சாதனை: ஜூன் 1-இல் பிராகில் 55.73. எவ்வளவு நாள் நின்றது? ஜூலை 24-இல் கார்டிஃபில் ஆஸ்திரேலியாவின் ஆனா பஸெரா 57.40 எறிந்துவிட்டார். இரண்டு மாதம்கூட இல்லை. ஒன்றரை மீட்டருக்கு மேல் வித்தியாசம். அதே வருடம் அக்டோபரில் லிதுவேனியாவின் பிருதே கலேதியேனே 57.49. இதை ஒரு மாபெரும் சகாப்தம் என்று எழுதினால் எனக்குச் சிரிப்பு வரும்.

தடகளப்பித்தன்

சகாப்தம் என்று நான் எங்கே எழுதினேன்? ஆனால் கணக்கைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

மெல்போர்னில் வெள்ளிக்கும் டானாவுக்கும் இடையே 55 சென்டிமீட்டர். வெண்கலத்துக்கு 45. யௌன்செமே மட்டும் 53.86 என்று எட்டாத தூரத்தில் இருந்தார். அந்த வெண்கலக்காரி நடேஷ்தா கொன்யாயெவா யார்? 1954-இல் ஒரே வருடத்தில் உலக சாதனையைத் திரும்பத் திரும்ப உயர்த்தி 55.48-க்குக் கொண்டுபோனவர். அதே 1954 ஆகஸ்டில் பெர்ன் ஐரோப்பிய சாம்பியன்ஷிப். உலக சாதனைக்காரி களத்தில் இருக்க, வென்றது டானா. ஹெல்சின்கியில் முதல் ஆள் இல்லை என்றீர்களே, பெர்னில் இருந்தாரே?

அப்புறம் அந்த 55.48 சாதனை நான்கு வருடம் யாராலும் அசைக்க முடியாமல் இருந்தது. அதை அசைத்தவர் 35 வயது டானா.  சாதனை இரண்டு மாதத்தில் போனது உண்மைதான். ஆனால் 35 வயதில் அதை எறிந்தது சின்ன விஷயம் இல்லை.

பஸெராவும் சும்மா ஆள் இல்லை. மெல்போர்னில் போலந்துக்காக எறிய வந்து, அங்கேயே தங்கிவிட்டவர். இரண்டு வருடத்தில் ஆஸ்திரேலியாவின் சட்டையில் உலக சாதனை.

பழைய பி.டி. மாஸ்டர்

35 வயது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். எறிகிற கைக்கு அது என்ன வயது என்று சொல்கிறேன்.

ஈட்டிக்காரர்களுக்கு முதலில் தோள் போகும் என்று நினைப்பார்கள். பெரும்பாலும் முழங்கையின் உட்பக்கம்தான் முதலில் பேச ஆரம்பிக்கும். காலையில் பல் தேய்க்கும்போது சுருக்கென்று இழுக்கும். பிறகு இடுப்பு, கடைசியாக ஊன்றுகாலின் முழங்கால். இதையெல்லாம் வைத்துக்கொண்டு முப்பதைத் தாண்டியும் எறிய வேண்டுமானால் ஒரு எறியைக்கூட வீணாக்கக் கூடாது. இளவட்டங்கள் வேகத்தை வைத்துச் சமாளிப்பதை, வயதானவர் எந்த நொடியில் விடுவது என்ற கணக்கை வைத்துத்தான் சமாளிக்க முடியும். டானா 29 வயதில் எறிந்த 50.47-ஐவிட 35 வயதில் ஐந்து மீட்டருக்கு மேல் கூடுதலாக எறிந்தார். வயது ஏற ஏறத் தூரமும் ஏறியிருக்கிறது. இது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

மீனாட்சி_டி

மெல்போர்ன் வெள்ளியைப் பற்றி யாருமே பேசவில்லையே? சிலி நாட்டின் மார்லேனே ஆரென்ஸ், 50.38. டானாவை முந்தியவர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர். கடற்கரையில் கல்லை விட்டெறிந்துகொண்டிருந்ததைக் கணவர் பார்த்து, ஈட்டி எறிந்து பாரேன் என்று தூண்டியதாகச் சொல்வார்கள். பான் அமெரிக்கன் போட்டியில் 1959, 1963 இரண்டிலும் தங்கம். விளையாட்டு அதிகாரியோடு மோதல் வந்து தடை போட்டார்கள், டோக்கியோ ஒலிம்பிக் கைவிட்டுப் போயிற்று. விட்டாரா? டென்னிஸ் ராக்கெட்டைத் தூக்கினார், தேசியப் பட்டம் வென்றார். அறுபதைத் தாண்டிய வயதில் 1995 பான் அமெரிக்கன் போட்டிக்குக் குதிரையேற்ற வீராங்கனையாக வந்து நின்றார். 2024 வரை ஒலிம்பிக் பதக்கம் வென்ற ஒரே சிலிப் பெண் அவர்தான்.

டானா, மார்லேனே இருவருமே 2020-இல் காலமானார்கள். டானா மார்ச்சில், 97 வயதில். மார்லேனே ஜூனில்.

சும்மா படிக்கிறவன்

1968-க்குப் பிறகு எமிலைக் குப்பை வண்டி தள்ள வைத்தார்கள் என்று படித்தேன். அப்போது டானா என்ன ஆனார்?

யாழ்வாசி

குப்பை வண்டி, யுரேனியச் சுரங்கம் என்று பல கதை உலாவுது தம்பி. நடந்தது இது: 1968-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் ஆட்சியின் பிடியைத் தளர்த்த நடந்த சீர்திருத்தத்தை பிராக் வசந்தம் என்பார்கள்; அப்போது சீர்திருத்தத்தை ஆதரித்த "இரண்டாயிரம் சொற்கள்" அறிக்கையில் எமில் கையெழுத்திட்டார், சோவியத் டாங்கிகள் வந்தபோது பகிரங்கமாக எதிர்த்தும் பேசினார். கட்சியிலிருந்தும் ராணுவத்திலிருந்தும் தூக்கினார்கள். நிலத்தைத் துளையிடும் குழுவில் வேலை. ஊர் ஊராகப் போய் வண்டியிலேயே தங்க வேணும், வீட்டுக்கு எப்போதாவது வரலாம். வருடக்கணக்காக இப்படி. பிராகில் வீட்டைப் பார்த்துக்கொண்டு தனியே இருந்தது டானாதான். 2000 நவம்பரில் எமில் போன பிறகும் இருபது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வாழ்ந்தார்.

இன்னொன்று: 2008 பெய்ஜிங்கில் பெண்கள் ஈட்டி இறுதிப்போட்டி நடந்தது ஆகஸ்ட் 21. டாங்கிகள் பிராகுக்குள் வந்து சரியாக நாற்பது வருடம். வென்றது செக் நாட்டின் பார்போரா ஷ்போதாகோவா.

கரிசல்

அது எனக்குத் தெரியாத தகவல், நன்றி யாழ்வாசி.

இந்தியாவிலிருந்து அந்தக் காலத்தில் யாராவது?

பழைய பி.டி. மாஸ்டர்

எலிசபெத் டேவன்போர்ட். 1958 டோக்கியோ ஆசியப் போட்டியில் ஈட்டி எறிதலில் வெள்ளி. டானா உலக சாதனை வைத்த அதே கோடையின் தொடக்கம். அவரைப் பற்றி நம் ஆட்கள் எழுதியது டானாவைப் பற்றி எழுதியதைவிடக் குறைவு. கரிசல் தம்பி ஹெர்மா பௌமாவுக்காக வருத்தப்பட்டாரே, முதலில் இவருக்காக வருத்தப்படலாம்.

தடகளப்பித்தன்

ரோமை யாரும் தொடவில்லை, நானே எழுதிவிடுகிறேன். 1960 செப்டம்பர் 1. டானாவுக்கு 38 ஆக இன்னும் பதினெட்டு நாள். எமிலின் ஒலிம்பிக் வாழ்க்கை மெல்போர்ன் மாரத்தானில் ஆறாவது இடத்தோடு முடிந்து நான்கு வருடம் ஆகிறது. இந்தத் தடவை கடன் வாங்க அன்றைக்கு வென்ற பதக்கம் எதுவும் கணவரிடம் இல்லை. எல்வீரா ஓஸொலினா 55.98 எறிந்து தங்கம். அவருக்கு வயது 20. டானா 53.78 எறிந்து வெள்ளி. இரண்டு வருடம் முன்பு அவர் சாதனையைத் தாண்டி 57.49 எறிந்த கலேதியேனே 53.45-இல் வெண்கலம். 33 சென்டிமீட்டர்!

ஹெல்சின்கியில் தான் தங்கம் வென்ற தூரத்தைவிட மூன்று மீட்டருக்கு மேல் அதிகம் எறிந்து வெள்ளி வாங்கியிருக்கிறார். என்னைக் கேட்டால் அவருடைய மிகப் பெரிய போட்டி இதுதான், ஹெல்சின்கி அல்ல.

மீனாட்சி_டி

ஹெல்சின்கி வெண்கலக்காரி கொர்சகோவாவையும் மறக்காதீர்கள். அவர் 1964 டோக்கியோ தகுதிச்சுற்றில் 62.40 எறிந்து உலக சாதனை வைத்தார். இறுதிச் சுற்றில் மறுபடியும் வெண்கலம். தங்கம் 17 வயது ருமேனியப் பெண் மிஹாயேலா பெனெஷுக்கு, 60.54. டானாவோடு மேடையில் நின்றவர் பன்னிரண்டு வருடம் கழித்தும் மேடையில். அந்தத் தலைமுறையே கெட்டிதான்.

கரிசல்

ரோம் பற்றிச் சொன்னது நல்ல வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தக் காலத்து ஈட்டிக்காரிகளில் முதல் இடம் கேட்டால் நான் ஓஸொலினாவுக்குத்தான் கொடுப்பேன். உலக சாதனையை 1960-இல் 59.55, 1963-இல் 59.78 என்று அறுபதின் வாசலுக்குக் கொண்டுபோனவர் அவர். டானாவுக்கு இரண்டாம் இடம். எமிலைச் சேர்க்காமல் சொல்கிறேன், போதுமா?

தடகளப்பித்தன்

இரண்டாம் இடம் என்றால் ரோம் முடிவும் அதுதானே அண்ணே, சண்டை போட மாட்டேன். ஓஸொலினாவுக்குத் தனி இழை நீங்களே தொடங்குங்கள். 1964-இல் பதக்கம் இல்லாமல் போன ஆத்திரத்தில் தலையை மொட்டை அடித்துக்கொண்டதும், பிறகு 1968 ஈட்டி சாம்பியன் யானிஸ் லூசிஸைக் கல்யாணம் செய்ததும் அங்கே வரட்டும். ஆனால் ஒரு நிபந்தனை: தலைப்பில் "லூசிஸின் மனைவி" என்று போடக் கூடாது.